லேப்காரர் துப்பிய சூப்

எனக்கு அருவருப்பு சீக்கிரம் வரும். பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவள் நான். யாராவது வாயைத் திறந்து "இங்கதான் வலிக்குது" என்று என்னிடம் காட்ட வந்தால், "உள்ளே போய்க் காட்டுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அப்படிப்பட்டவள் ஞாயிறுதோறும் லேப்காரருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. எல்லாம் என் தலையெழுத்து.

லேப்காரர் பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருஷம் மலம், சிறுநீர், சளி மூன்றையும் பரிசோதித்து ரிப்போர்ட் எழுதி ஓய்வு பெற்றவர். "மூஞ்சி பொய் சொல்லும்மா, இது சொல்லாது" என்பார், அதுவும் சோற்றைப் பிசைந்துகொண்டே. மனைவி போய் நாலு வருஷம். பிள்ளைகள் இல்லை. இரண்டு அறை வீடு, பால்கனி நிறையத் தொட்டிகள், சமையலறை மேடையில் கழுவிக் கவிழ்த்த ஒரே ஒரு தட்டு. வாரத்தில் ஆறு நாள் அந்தத் தட்டோடு தனியாகச் சாப்பிடுவார். ஏழாம் நாள் எங்களோடு. அந்த ஒரு வேளைக்காக வெள்ளிக்கிழமையே சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்துவிடுவாராம். இஸ்திரிக்காரர் சொல்லிச் சிரித்தார், நானும் சேர்ந்து சிரித்தேன்.

நாங்கள் மாடியிலும் பால்கனியிலும் செடி வளர்க்கிற ஏழெட்டுப் பேர். ஞாயிறு மதியம், எங்களுக்குத் தலைவி மாதிரி இருந்த டீச்சர் வீட்டு மொட்டை மாடியில் கூடுவோம். எந்தச் செடிக்கு என்ன பூச்சி, எந்தக் காயை எப்படிச் சமைப்பது என்று பேச்சு ஓடும். அவரவர் தொட்டியில் விளைந்ததைச் சமைத்து எடுத்து வர வேண்டும், அது விதி. யாரும் எழுதி வைக்காத இன்னொரு விதியும் உண்டு. எது தட்டில் விழுந்தாலும் 'அருமை' என்று சொல்லிவிட வேண்டும். பாதி வெந்த பீன்ஸா, அருமை. மண் நறநறக்கும் கீரையா, அருமை. இந்த விதி மட்டும் லேப்காரர் மண்டையில் ஏறவே இல்லை.

"கீரையில மண்ணு இருக்கு. மூணு தண்ணி அலசணும்" என்பார். "முட்டைக்கோஸ்ல புழு வெந்து கிடக்கு. பயப்படாதீங்க, வெந்தது ஒண்ணும் பண்ணாது" என்பார். யாருக்குச் சோறு இறங்கும்?

அவருடைய தக்காளி மட்டும் எங்கள் எல்லோருடையதையும்விட இரண்டு மடங்கு இருக்கும். ஒருநாள் நறுக்கி வந்தார். இரண்டாவது துண்டை வாயில் வைத்துக்கொண்டு நான்தான் கேட்டுத் தொலைத்தேன்.

"என்ன உரம் போடறீங்கண்ணா?"

"நம்மளோடதுதான்மா. ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணி கலந்து வேருக்கு ஊத்தணும்."

"எது நம்மளோடது?"

சொன்னார். மறைக்காமல், கூச்சப்படாமல், சிறுநீர் ரிப்போர்ட் படிக்கிற மாதிரியே சொன்னார். வாயிலிருந்ததை எங்கே துப்புவது என்று மாடி முழுக்கச் சுற்றினேன்.

அவர் போன பிறகு ஒரு பஞ்சாயத்து நடந்தது. அதிகம் பேசியவள் நான். "அந்தக் கை எதையெல்லாம் தொட்ட கையோ! இனிமே அவர் கை என் தட்டுப் பக்கம் வரக் கூடாது. பரிமாற வேண்டாம், சமைச்சும் கொண்டு வர வேண்டாம். எலுமிச்சம்பழம் கொண்டு வரட்டும், தோலாவது இருக்கும்" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த வாரம் டீச்சர் அவரை மாடிப்படியிலேயே நிறுத்தி அதைச் சொன்னார். என் பேரைச் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். கூடவே, "இன்னொரு தடவை யார் சமையலையாவது குறை சொன்னீங்கன்னா, அதோட நீங்க வர வேண்டாம்" என்றாராம்.

"சரிங்க டீச்சர்" என்றார் லேப்காரர்.

ஆறு வாரம் எலுமிச்சம்பழப் பையோடு வந்தார். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். ஒருநாள் கருகிய பூசணிக்காயைத் தின்றுவிட்டு அவரும் "அருமை" என்றார். கேட்கச் சகிக்கவில்லை.

ஏழாவது ஞாயிறு டீச்சர் சுரைக்காய் சூப் வைத்திருந்தார். "போன வருஷம் நம்ம காய்லேயே எடுத்த விதை. கடை விதை கையால தொடறதில்ல" என்று பெருமை பொங்கச் சொன்னார். போன வருஷம் அதே பந்தலில் அழகுக்காக ஒரு குட்டிச் சுரைக்கொடியையும் ஏற்றியிருந்தார். சாப்பிட உதவாத, பொம்மை மாதிரிக் காய்க்கிற ஜாதி. "ரெண்டும் பூத்தா மகரந்தம் கலந்துடும் டீச்சர், அந்த விதையை எடுக்காதீங்க" என்று அப்போதே லேப்காரர் சொன்னார். அவர் பேச்சை யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

முதல் வாயிலேயே கசப்பு தொண்டையைப் பிடித்தது. மாத்திரையை நாக்கில் வைத்துத் தண்ணீர் குடிக்க மறந்த மாதிரி. நிமிர்ந்து பார்த்தேன். எல்லார் முகமும் ஒரு கணம் கோணி, உடனே நேரானது.

"எப்படி இருக்கு?" என்றார் டீச்சர். பரிமாறுகிறவர், தான் இன்னும் குடிக்கவில்லை.

"அருமை" என்றார் பாங்க் மேனேஜராக இருந்தவர்.

"அருமை டீச்சர். மிளகுதான் கொஞ்சம் தூக்கல்" என்றேன் நான். பாவம், மிளகு என்ன செய்தது? டீச்சர் என் கிண்ணத்தையே பார்த்ததால் அடிவரை குடித்தும் தொலைத்தேன்.

லேப்காரர் ஒரு கரண்டி வாயில் வைத்தார். கை அப்படியே நின்றது. டீச்சரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு மாடிப்படியைப் பார்த்தார். அடுத்து, வாயிலிருந்ததைக் கிண்ணத்திலேயே துப்பினார்.

"ச்சீ!" என்று முதலில் கத்தியவள் நான்.

"யாரும் குடிக்காதீங்க. கசக்குற சுரைக்காய் விஷம்" என்று சொல்லிக்கொண்டே பாத்திரத்தைத் தூக்கிப் போய்ச் சாக்கடைக் குழாயில் கொட்டினார்.

டீச்சர் மாடிப்படியைக் காட்டினார். "வெளியே போங்க. இனிமே இந்தப் படி ஏறாதீங்க."

செருப்பை மாட்டிக்கொண்டே, "குடிச்சவங்க வாந்தியை அடக்காதீங்க. ரத்தம் வந்தா உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். எலுமிச்சம்பழப் பை நாற்காலிக்கு அடியிலேயே கிடந்தது. அதற்குப் பிறகு அரைமணி நேரம், வாய்க் கசப்புக்குச் சர்க்கரையைச் சப்பிக்கொண்டு, அவர் துப்பிய அசிங்கத்தைப் பற்றியே பேசினோம். கசப்பைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

வீட்டுக் கதவைத் திறக்கும்போதே எனக்கு வாந்தி பிடுங்கிக்கொண்டு வந்தது. வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போயிருந்தார். பிளாஸ்டிக் பேசினை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தபோது போன் ஒலித்தது. எங்கள் வாட்ஸப் குழுவில் டீச்சர் எழுதியிருந்தார்: 'இன்று வெயில் அதிகம். சிலருக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.' கீழே மூன்று பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். வாந்தி எடுத்துக்கொண்டே போட்டிருப்பார்கள். அந்த நாற்றத்தைவிட அதுதான் எனக்குக் குமட்டியது. மிளகு தூக்கல் என்று சொன்ன என் வாயும்தான்.

கதவைத் தட்டி உள்ளே வந்தவர் லேப்காரர். வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார், நான் மூன்றாவது. குழாயடிக்குப் போய் வந்து என் பக்கத்தில் குந்தினார். பேசினை வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ரத்தம் இல்ல. நல்லது. கசந்துச்சா?"

"முதல் வாய்லயே தெரிஞ்சுதுண்ணா."

அவர் பேசினை என் பக்கம் திருப்பினார். எனக்கு மறுபடி புரட்டியது. நெற்றியைப் பிடிக்கக் கை நீட்டியவர் பாதியில் நிறுத்தினார். இரண்டு உள்ளங்கையையும் விரித்து என்னிடம் காட்டினார். ஈரம் காயவில்லை.

"கை கழுவிட்டேன்மா. சோப்பு போட்டு, ரெண்டு தடவை."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வாந்திதான் வந்தது, அதுவும் அந்தக் கழுவிய கைமேல். அவர் கையை எடுக்கவில்லை.