மண்ணுக்குள் சுருங்கிய கண்கள்

பாம்பு இல்லை என்று தெரிந்த பிறகும் அதை ஏன் வெட்டச் சொன்னேன்?

றக்வானையில் எங்கள் தோட்ட வீட்டுக்குப் பின்னால் வேலையாள் மாரியப்பன் தண்ணீர் ஓடக் கான் வெட்டிக்கொண்டிருந்தார். ஈர மண்ணில் மஞ்சள் கோடுடன் ஏதோ சுருண்டு கிடந்தது.

"வெட்டுங்கண்ணே, புள்ள தவழுற எடம்!"

"பாம்பில்லீங்கம்மா, புழு தின்னுற சீவன். கண்ணுகூட சரியாத் தெரியாது."

நான் கத்தினேன். மண்வெட்டி இறங்கியது. சுருளுக்குள் முட்டைகள் இருந்தன.

ஆசிரியரான என் கணவர் சொன்னார்: "அது தவளைக்குச் சொந்தமான காலில்லாத சீவன். கண்ண வச்சிருக்கவும் தீனி செலவாகும். மண்ணுக்குள்ள அது வீண். அதான் தலைமுறை தலைமுறையா கண்ணு சுருங்கி, மோப்பம் வளந்திருக்கு."

பார்வையைக்கூடச் சிக்கனம் பிடித்த உடம்பு, இரை தேடாமல் முட்டைகளைக் காத்துக் கிடந்திருக்கிறது. அவற்றை ஈர மண்ணில் மூடி வைத்தேன். மூன்றாம் நாள் எறும்பு மொய்த்துவிட்டது.

இப்போதும் மகன் அருகே எது ஊர்ந்தாலும் "அடிங்க" என்றுதான் வாயில் வருகிறது. இந்தப் பயத்தை எப்படி அடக்குவது? பிள்ளை வளர்த்த தாய்மாரே, எனக்கு எழுதுங்கள்.