உள்ளே ஒட்டிய கித்தான்

என் அப்பா வேலுச்சாமி இலங்கையில் அட்டனுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் பதினெட்டு வருஷம் தேயிலைப் பெட்டி செய்தவர். ஒட்டுப்பலகையை இணைத்து, உள்ளே ஈயத்தாள் ஒட்டி, மூலைகளுக்குத் தகரம் அடித்து அனுப்புவார்கள். கடல் கடந்து போய் இறங்கும்போது பெட்டிக்குள் ஒரு சொட்டு ஈரம் இருக்கக் கூடாது. தூள் நனைந்திருந்தால் அடியில் போட்ட எண்ணைப் பார்த்து எந்தத் தச்சன் செய்த பெட்டி என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அப்பாவின் எண் இருபத்தேழு. அந்த எண் போட்ட பெட்டியைப் பற்றி ஒரு புகாரும் வந்ததில்லை என்பதுதான் அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் ஒரே பெருமை.

எழுபத்து நாலில், இரண்டு அரசுகளும் போட்ட ஒப்பந்தப்படி எங்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. மண்டபம் முகாமில் சில மாதங்கள் இருந்துவிட்டுக் கொடைக்கானலுக்கு வந்தோம். அப்பா பூம்பாறையில் பூண்டு பிடுங்கினார், காட்டில் மரம் வெட்டினார். கடைசியில் வெளிநாட்டுப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளியில் மேசை நாற்காலி பழுது பார்க்கும் தினக்கூலி வேலை கிடைத்தது. என்னைக் கன்னியாஸ்திரிகள் இலவசமாக இங்கிலீஷில் படிக்க வைத்தார்கள். தட்டச்சு முடித்ததும் அதே பள்ளி அலுவலகத்தில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தேன்.

அங்கே சேர்ந்த பிறகுதான் அப்பாவைப் பார்த்து எனக்குக் கூச்சம் வந்தது. அவர் வெள்ளைக்கார ஆசிரியர்களைத் தொரை என்று கூப்பிடுவார். அவர்கள் கடந்து போனால் உளியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பார். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் தட்டச்சு செய்வேன்.

எண்பத்தைந்தில் லார்சன் என்ற அறிவியல் ஆசிரியர் அமெரிக்காவுக்கு விடுமுறையில் போய்த் திரும்பியபோது இரண்டு ரேடியோக் கருவிகளும் ஒரு கட்டு வரைபடங்களும் கொண்டுவந்தார். கரையில் நின்று ரேடியோவால் ஓட்டும் சிறு போர்க்கப்பல்கள். பழைய உலகப்போர்க் கப்பல்களை நூற்று நாற்பத்து நான்கில் ஒரு பங்காகச் செய்ய வேண்டும். ஒவ்வொன்றும் நாலடி நீளம். கப்பலுக்குள் ஒரு சின்ன துப்பாக்கி. சோடா போடும் காஸ் குப்பியை அதில் மாட்டினால், சைக்கிள் கடையில் விற்கும் சின்ன இரும்புக் குண்டுகளை அது சுடும். அமெரிக்காவில் சிலர் குளங்களில் இப்படி நிஜமாகவே சண்டை போட்டு ஒருவர் கப்பலை ஒருவர் மூழ்கடிக்கிறார்களாம். இங்கேயும் தொடங்க ஆசைப்பட்டார். ஒரு கப்பலை அவர் செய்வார். இன்னொன்றுக்குத் தச்சன் வேண்டும்.

அப்பாவைக் கூப்பிட்டார். பேச்சை மொழிபெயர்க்க நடுவில் நான் நின்றேன்.

"முதல் சண்டை நன்றாக நடந்தால், பட்டறையில் ஒரு நிரந்தர வேலை கேட்டு நிர்வாகத்துக்கு எழுதுகிறேன் என்று அப்பாவிடம் சொல், கண்மணி" என்றார் லார்சன்.

சொன்னேன். அப்பா வரைபடத்தை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் அம்மாவிடம் சொல்வதற்காக நிரந்தரம் என்ற வார்த்தையை இரண்டு முறை என்னிடம் கேட்டுக்கொண்டார்.

விதிகள் எட்டுப் பக்கம் இருந்தன. சாயங்காலம் நான் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். கப்பலின் எலும்புகள் கெட்டியாக இருக்கலாம், ஆனால் இவ்வளவு இடைவெளி விட வேண்டும். மேல்தோல் மட்டும் பால்ஸா என்ற மெல்லிய மரத்தகடாக இருக்க வேண்டும். குண்டு பட்டால் ஓட்டை விழ வேண்டும், அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏற வேண்டும். தோலுக்குப் பின்னால் வேறெதுவும் ஒட்டக் கூடாது. உள்ளே ரேடியோ இருக்கும் பெட்டிக்குள் மட்டும் ஈரம் போகக் கூடாது.

"ஓட்டை விழணும்னே செய்யிறதா?" என்றார் அப்பா.

"ஆமாப்பா. அதுதான் விளையாட்டு."

"தண்ணி பூந்தா யாரு பேரு கெடும்?"

"யார் பேரும் கெடாது. அப்படித்தான் விதி."

அவர் அந்தப் பால்ஸாத் தகட்டை எடுத்து நகத்தால் அழுத்தினார். நகம் உள்ளே போயிற்று. "இது மரமா, பாணா?" என்றார். அட்டனில் ரொட்டிக்குப் பாண் என்று பெயர்.

ஒன்றரை மாதம் அந்தக் கப்பல் எங்கள் வீட்டுக்குள்தான் இருந்தது. அம்மா சிவபாக்கியம் அதைச் சுற்றிப் பாய் விரித்தாள். ரேடியோவை வைக்கும் பெட்டியை அப்பா தேயிலைப் பெட்டி போலவே செய்தார். ஈயத்தாள், மூலைத் தகரம் எல்லாம் உண்டு. லார்சன் அதை வாளித் தண்ணீரில் ஒரு நாள் முழுக்க அமுக்கி வைத்து எடுத்துத் திறந்து பார்த்தார். உள்ளே வைத்த பஞ்சு காய்ந்திருந்தது. மற்ற ஆசிரியர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்பா அதோடு நிறுத்தியிருக்கலாம்.

ஒரு சாயங்காலம் அலுவலகம் முடிந்து வந்தபோது, அப்பா கப்பலைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு உட்புறத்தில் கித்தான் துணி ஒட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் சிலோனிலிருந்து கொண்டுவந்த டிரங்குப் பெட்டியின் உறையை வெட்டியிருந்தார். லார்சன் கொடுத்த, இரண்டு குழாயிலிருந்து பிதுக்கிக் கலக்கும் பசைதான். காய்ந்ததும் பூசுவதற்குச் சாம்பல் நிறப் பெயிண்டும் தயாராக இருந்தது.

"அப்பா, அது கூடாதுன்னு படிச்சேனே."

"தெரியும் புள்ள."

"கண்டுபிடிச்சா?"

"வெளியில அவரு சொன்ன மரந்தான் இருக்கு. உள்ள கைய விட்டா பாக்கப் போறாரு? நாலு பேரு முன்னாடி என் சாமான் தண்ணியில போவ ஏலாது. போனா யாரு வேலை குடுப்பா?"

சண்டையில் மூழ்கினால் வேலை போகாது என்று இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கும் அந்த வேலை வேண்டும். தினக்கூலிக்காரன் மகள் என்பதைவிடப் பட்டறைத் தச்சர் மகள் என்று அலுவலகத்தில் சொல்லிக்கொள்ள வேண்டும். மறுநாள் லார்சன், கப்பல் விதிப்படி செய்யப்பட்டது என்று செய்தவர் எழுதிக்கொடுக்கும் தாளைக் கேட்டார். நானே இங்கிலீஷில் தட்டச்சு செய்தேன். அப்பா தமிழில் கையெழுத்துப் போட்டார்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, பள்ளி வளாகத்துக் குட்டையில் சண்டை வைத்தார்கள். இடுப்பளவுத் தண்ணீர். கப்பல் மூழ்கினால் இடம் தெரிவதற்காக ஒவ்வொன்றிலும் நூல் கட்டிய மிதவை இருந்தது. கரையில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் நின்றார்கள். அப்பா கப்பலை ஓட்டும் ரேடியோக் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு, கப்பல் இடப்பக்கம் திரும்பினால் தானும் இடப்பக்கம் சாய்ந்தார். பள்ளி வேன் ஓட்டுநர் சூசைமுத்துவுக்கு அது போதும்.

"ஏண்ணே, நீங்க வளைஞ்சா கப்ப வளையுமா? இடுப்பு சுளுக்கிக்கிட்டா அதுக்கு வேற யாரு பொறுப்பு?"

"நீ உன் வேனைப் பாரு. அது நேரா ஓடுனதே இல்லை" என்றார் அப்பா, கப்பலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

துப்பாக்கி கப்பலில் அசையாமல் இருந்ததால் கப்பலையே திருப்பித்தான் குறிவைக்க வேண்டும். லார்சனின் கப்பல் வேகமாக ஓடியது. அப்பாவுடையது மெதுவாகப் போய், பக்கத்தில் நின்று, சுட்டது. டப் டப் என்று சத்தம் வந்தது. அப்பாவின் கப்பல்மீதும் குண்டுகள் பட்டன. ஆனால் அது தாழவே இல்லை. கால் மணி நேரத்தில் லார்சனின் கப்பல் ஒரு பக்கமாகச் சரிந்து உள்ளே போனது. மிதவை மட்டும் மேலே வந்து ஆடியது.

எல்லாரும் கைதட்டினார்கள். சூசைமுத்து, "ஏலே, சிலோன்காரண்ணே அமெரிக்காவைக் கவுத்துப்புட்டாருடா" என்று கத்தினான். அப்பா சிரித்தார். பல் தெரிய அவர் சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை.

சண்டை முடிந்ததும் ஓட்டைகளை எண்ணித்தான் புள்ளி போட வேண்டும். அப்பா அதை மறந்துவிட்டார். நானும் மறந்துவிட்டேன். விதிகளைப் படித்தவள் நான்தான். லார்சன் தண்ணீருக்குள் இறங்கி அப்பாவின் கப்பலைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெளித்தோலில் பத்துப் பதினைந்து ஓட்டைகள் இருந்தன. ஒன்றில் குண்டு அப்படியே மாட்டிக்கொண்டிருந்தது. அதை விரலால் நோண்டினார். பிறகு மேல்தளத்தைத் திறந்து, உள்ளே கையை விட்டுத் தடவினார். கையை வெளியே எடுக்காமல் என்னைப் பார்த்தார்.

"கண்மணி, இந்த விதி இவருக்குப் புரிந்திருந்ததா?"

கரையில் நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள்.

நான் இங்கிலீஷில் சொன்னேன்: "இல்லை சார். அவர் படிக்காதவர். இதெல்லாம் அவருக்குப் புரியாது. நான் இன்னும் எளிதாகச் சொல்லியிருக்க வேண்டும்."

லார்சனின் முகம் தெளிந்தது. சிரித்தார். அப்பாவின் தோளைத் தட்டினார். மற்ற ஆசிரியர்களும் அன்பாகச் சிரித்தார்கள், குழந்தை செய்த குறும்புக்குச் சிரிப்பதுபோல.

"என்னா கேட்டாரு?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா. பரவாயில்லைன்னாரு."

அவர் கப்பலை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். வீட்டில் கப்பலை இறக்கி வைத்துவிட்டுத் துண்டால் அதைத் துடைத்தபடி சொன்னார்:

"எங்க தோட்டத்து பாக்டரி டீமேக்கர் பதினெட்டு வருசம் இங்கிலீசுலதான் ஏசுவாரு. நோ எஜுகேசன்னா எனக்கு வெளங்காதா?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"கள்ளன்னு சொல்லியிருந்தா சரி. கள்ளந்தானே நான், இதுல. ஒண்ணுந் தெரியாதவன்னு சொல்லிட்டியே."

அம்மா என்ன நடந்தது என்று இருவரையும் மாறி மாறிக் கேட்டாள்.

திங்கட்கிழமை அப்பா வெள்ளனே கிளம்பினார். நான் பின்னாலேயே ஓடினேன். லார்சனின் அறை வாசலில் நின்று, என் பக்கம் திரும்பாமல், அவரே பேசினார்.

"ரூல், ஐ நோ. கிளாத், ஐ புட். டாட்டர் நோ ஃபால்ட்."

லார்சன் கண்ணாடியைக் கழற்றினார். அப்பாவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் மேசையில் நான் தட்டச்சு செய்த தாள் இருந்தது. அப்பா கித்தான் ஒட்டியதை நானும் பார்த்தேன் என்று, அந்தத் தாளில் நான்தான் பொய் எழுதினேன் என்று, சனிக்கிழமை சொன்னதும் பொய் என்று சொல்வதற்கு எனக்கு இரண்டு மொழி தெரியும். இரண்டிலும் வாய் திறக்கவில்லை.

"சொன்னதற்கு நன்றி" என்றார் லார்சன். அவ்வளவுதான்.

பட்டறை வேலைக்கு அந்த வருஷம் பெருமாள்மலைக்காரர் ஒருவரை எடுத்தார்கள். லார்சன் எழுதினாரா, எழுதவில்லையா என்று தெரியாது. நான் அலுவலகத்தில் இருந்தேன், கோப்பைத் திறந்தால் தெரிந்துகொண்டிருக்கலாம். திறக்கவில்லை. அப்பா தினக்கூலியாகவே போய்வந்தார்.

கித்தானை உரித்தெடுக்க அவருக்கு மூன்று வாரம் ஆயிற்று. பசை அவ்வளவு நன்றாகப் பிடித்திருந்தது. புதுத் தோல் போட்டு ஜனவரியில் மறுபடி சண்டைக்குப் போனார். இந்த முறை தாளைத் தட்டச்சு செய்ய என்னிடம் வரவில்லை. சூசைமுத்து கையால் எழுதித் தந்ததாகக் கேள்விப்பட்டேன்.

அன்று அப்பாவின் கப்பல் பத்து நிமிஷத்தில் மூழ்கியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தக் குளிர்ந்த தண்ணீரில் இறங்கி, மிதவையைப் பிடித்து இழுத்து, நீர் ஒழுக ஒழுகக் கரைக்குக் கொண்டுவந்தார். லார்சன் பழக்க தோஷத்தில் என் பக்கம் திரும்பி, "எத்தனை ஓட்டை என்று அப்பாவைக் கேள்" என்றார்.

நான் வாயெடுப்பதற்குள், "நைன்" என்றார் அப்பா. விரலை ஒவ்வொரு ஓட்டையிலும் வைத்து லார்சனுக்குக் காட்டத் தொடங்கினார்.