களிம்பில் கலந்த சாம்பல்

உயிர்க்கரிம வேதியியல் என்பது, இயற்கை ஒரு பொருளை எதற்காகச் செய்தது என்று கேட்டு, பதில் வருவதற்குள் ஓய்வு பெற்றுவிடும் தொழில். இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் அனுதாபப்பட்டால் போதும்.

வீட்டு விளக்கவுரை

நான் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். கணவர் மைன்ஸில் பர்மனென்ட் என்பதால் வாசம் நெய்வேலி குவார்ட்டர்ஸில். என் ஆய்வு முந்திரி ஓட்டில் ஊறும் எண்ணெயைப் பற்றியது. அதிலுள்ள ஓர் அமிலம், பண்ருட்டி ஷெட்டுகளில் கொட்டை உடைக்கும் பெண்களின் உள்ளங்கையைக் கொப்புளமாக்கிவிடும். அதைத் தடுக்க ஒரு களிம்பு தயாரித்திருந்தேன்.

ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வந்த கணவருக்கு, நாளிதழ் ஓரத்தில் அந்த அமில மூலக்கூறை அதன் நீண்ட வாலோடு வரைந்து காட்டினேன். முழுவதையும் கேட்டார், சோற்றையும் முடித்தார். பிறகு சொன்னார்: "அமிலத்தைத் தடுக்கிறது இருக்கட்டும். பாத்ரூம் சுவர்ல தண்ணி கசியுதே, அதுக்கு எதனா களிம்பு வச்சிருக்கியா?"

ஷெட்டில் அரங்கேற்றம்

ஆய்வகத்து ஏ.சி. குளிரில் களிம்பு மூன்று மணி நேரம் சுவர்போல நின்றது. பண்ருட்டி ஷெட்டில், கொட்டை அவிக்கும் பாய்லர் பக்கத்தில், பத்தே நிமிடத்தில் உருகி மணிக்கட்டு வழியாக ஓடியது. பூசிக்கொண்டவர் செல்வி. அந்த ஷெட்டில் அவரைவிட வேகமாகக் கொட்டை உடைப்பவர் இல்லை. பருப்பு கையிலிருந்து வழுக்கி விழ, அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "மேடம், இது கையில பூசுறதா, தோசைக்கல்லுல ஊத்துறதா?"

கேட்காத கேள்வி

அடுத்த வாரம், ஷெட்டில் விட்டுவந்த களிம்பு டப்பாவைத் திரும்ப வாங்கிவரப் போனேன். பாதி காலியாக இருந்தது. சலித்த அடுப்புச் சாம்பலை அதில் பிசைந்து, பெஞ்சிலிருந்த பெண்கள் எல்லோரும் கையில் பூசிக்கொண்டிருந்தார்கள். சாம்பல் பூசுவது அவர்களுடைய பழைய வழக்கமாம். வெறும் சாம்பல் வியர்வையில் உதிரும், என் களிம்பு சூட்டில் உருகும். இரண்டும் சேர்ந்ததும் கையோடு ஒட்டி நின்றது. சாம்பலின் காரம் அமிலத்தை உப்பாக்கிவிடுகிறது, அந்த உப்பு தோலுக்குள் எளிதில் நுழையாது என்று பிற்பாடு ஆய்வகத்தில் உறுதி செய்தேன். நான்கு ஆண்டுகளாக அந்தப் பெண்களின் கைகளை அளந்தேன், படம் பிடித்தேன். அதுவரை என்ன பூசினார்கள் என்று மட்டும் கேட்கவில்லை.

செல்வி சமாதானம் சொன்னார்: "நீங்க வந்தா கையைக் கழுவிக்கினு வரச் சொல்லுவீங்க. அப்புறம் எப்படிங்க சாம்பல் தெரியும்?"

இரண்டாம் பெயர்

கட்டுரையில் என் பெயருக்கு அடுத்ததாகச் செல்வியின் பெயரைப் போட்டேன். பதவி உயர்வில் கட்டுரைக்குப் புள்ளி உண்டு; பெயரைப் பகிர்ந்தால் புள்ளியையும் பகிர வேண்டும். தனியாகப் போட்டால் நான் பேராசிரியர். சேர்த்துப் போட்டால் இரண்டு புள்ளி குறையும்.

ஆசிரியர் என்று யாரைச் சொல்லலாம் என்ற அந்த இதழின் விதியை, எனக்கே உரிய கெட்ட பழக்கத்தால் அடிக்குறிப்பு வரை படித்தேன். மூல யோசனையைத் தந்தவரே ஆசிரியராம்; அதன்படி பார்த்தால் என் பெயர்தான் சந்தேகத்துக்குரியது. செல்வி பெயர் நின்றது. துறை நண்பர் உண்மையான அக்கறையோடு சொன்னார்: "நன்றியுரையில போடுங்க மேடம். நன்றிக்கெல்லாம் புள்ளி கழிக்க மாட்டாங்க."

நேர்காணல்

என் பழைய கட்டுரைகளை மேற்கோள் காட்டியவர்களில் பெரும்பான்மை நானே. சாம்பல் கட்டுரையையோ, முந்திரி விளையும் ஊர்களின் ஆய்வாளர்கள் எல்லாம் எடுத்தாண்டிருந்தார்கள். பதவி உயர்வுக் குழுத் தலைவர் அதை ரசித்துப் படித்துவிட்டு, செல்வி எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டார். பண்ருட்டி ஷெட்டில் இரண்டாவது பெஞ்சு என்றேன். பேனாவை மூடினார். "அருமையான வேலைம்மா. ரெண்டு புள்ளி குறையுது. அடுத்த வருஷம் தனியா வாங்க."

அச்சான பக்கத்தைச் செல்வியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொப்புளமில்லாத விரலால் தன் பெயரைத் தேடிப் பிடித்தார். விரல் இடப்பக்கம் நகர்ந்து என் பெயரில் நின்றது. "நம்ம சாம்பல்தானே மேடம் வேலை செஞ்சது? உங்க பேரு ஏன் முன்னால நிக்குது?"

ஆகவே இன்னும் ஓராண்டுக்குக் கல்லூரியில் நான் இணைப் பேராசிரியர்தான். பண்ருட்டியில் மட்டும் செல்வியின் உதவியாளராக உயர்ந்திருக்கிறேன்.