கைபேசியில் கேட்ட மேல்தளம்

வளைகுடா நாட்டில், ஜெபல் அலியில் எங்கள் கிடங்கின் மேல்தளத்தைப் பழுதுபார்க்க வந்த கொத்தனார், புருவம்வரை சிமெண்டு படிந்த ஒல்லியான மனிதர். தளத்தைச் சுத்தியலால் தட்டி, ஓசையிலேயே அதன் உறுதியை அறிவது அவர் வழக்கம். ஊரில் அவருடைய வீடு ஒழுகியது. ஒரு மதிய இடைவேளையில் கைபேசியில் மனைவியிடம் பேசினார்.

“மாடியில போனத் தரையில வச்சிட்டு, உலக்கையால தட்டு. இன்னும் மூலைக்குப் போ.” கண்மூடிக் கேட்டார். “டொப்புன்னு கேக்குது, உள்ள காரை விட்டுப்போச்சு. மேல பூசினா நிக்காது. அங்க ஆளக் கூப்பிட்டு தளத்தை இடிச்சிரச் சொல்லு.”

“போனில் கேட்டதை நம்பியா இடிப்பது? லீவில் போய்ப் பார்க்கலாமே” என்றேன்.

“லீவுக்கு எட்டு மாசம் இருக்கு சார். தப்பா இடிச்சா திரும்பக் கட்டிக்கலாம். அதுக்கு அடியிலதான் புள்ளைங்க படுக்குதுங்க.”

அவர் காது சரியாகக் கேட்டதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த முடிவு சரியானது என்பதில் மட்டும் ஐயமில்லை.