கரண்டம்மாவும் என் கன்னமும்

ஞானசௌந்தரி இறந்துபோன செய்தியைத் திருத்தங்கல் பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒரு பெண்தான் எனக்குச் சொன்னாள். என் வெள்ளைச் சேலையைப் பார்த்துவிட்டு, "ஒங்க ஆசுபத்திரி கரண்டம்மா காலையில நெஞ்சுவலியில தவறிட்டாகளாமே, தெரியாதா?" என்று கேட்டாள். ஞானசௌந்தரியோடு நர்ஸ் படிப்புப் படித்து, ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள் நான். எனக்கு முன்னால் இவளுக்கு எப்படித் தெரிந்தது என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது. அழுகை, பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகுதான் வந்தது. அவளை அறிந்த நீங்கள் எல்லோரும் 'அவர்' என்பீர்கள். எனக்கு அவள் 'அவள்'தான்.

ஐம்பதுகளில் நம் ஆஸ்பத்திரிக்கு மின்சிகிச்சைப் பெட்டி வந்தது. செயலிழந்த தசைக்குச் சின்ன மின்சாரம் கொடுத்து அசைய வைக்கும் பெட்டி. அதைப் பழகிவர ஒருத்தியை மதராஸுக்கு அனுப்பினார்கள். படிப்பில் என் மார்க்கே அதிகம். அவளை அனுப்பினார்கள். அவள் திரும்பி வந்ததும், "நீ என்னத்தடி படிச்ச?" என்று கேட்டேன். "பெட்டியில கரண்டுத் திருகைக் கூட்டுறது யாருக்கும் வரும். எப்ப கூட்டக் கூடாதுன்னு படிச்சிட்டு வந்தேன்" என்றாள். அந்தப் பதிலும் எனக்குப் பிடிக்கவில்லை, நன்றாக இருந்ததால்.

எந்த நோயாளிக்கும் கரண்டை முதலில் தன் கையில் வைத்துக் காட்டிவிட்டுத்தான் வைப்பாள். மோதிரம், வளையல், தாயத்து எல்லாவற்றையும் கழற்றச் சொல்வாள். நெஞ்சுக்குக் குறுக்கே கரண்டு போகிற மாதிரி ஒருநாளும் வைத்ததில்லை. அப்படியும் அவள் அறை வாசலில் கூட்டம். ஊசி போடுகிற என்னைக் கண்டு பிள்ளைகள் அலறும். கரண்டு வைக்கிற அவளைக் கண்டு சிரிக்கும். என் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

நாரணாபுரத்துப் பேச்சியம்மாள் வந்த நாளைச் சொல்கிறேன். பட்டாசுக் கம்பெனியில் மருந்து வெடித்து, காயம் ஆறியும் விரல்கள் மடங்காமல் இருந்தவள். மாமியார் பக்கத்திலேயே நின்றாள். ஞானசௌந்தரி பேச்சியம்மாளைக் கண்ணை மூடச் சொல்லி, தோலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க, சுடுதண்ணீர் ஊற்றிய சின்னக் கண்ணாடிக் குழாயைக் கையில் எடுத்தாள். "சுடுதா?" "சுடுதும்மா." "இப்ப?" "இப்பவும் சுடுது." நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஞானசௌந்தரி குழாயை அவள் கைக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகவில்லை.

"கண்ணைத் தெற. நான் இன்னும் தொடவே இல்ல" என்றாள். பேச்சியம்மாள் உடைந்து அழுதாள். "உணச்சி இல்லேன்னா பெருநோயிம்பாகம்மா. கம்பெனியில சேக்க மாட்டாக. வீட்டுல தட்டைத் தனியா வச்சிருவாக." மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது. அவள் சொல்லை நம்பிக் கரண்டு வைத்திருந்தால் கை வெந்திருக்கும். ஞானசௌந்தரி மாமியாரைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள்: "டாக்டர் பாத்தாச்சு. வெடிக்காயத்துல நரம்பு அடிபட்டிருக்கு. இது ஒட்டுற நோயில்ல. தட்டை மாத்துனீகன்னா நான் வீட்டுக்கே வருவேன்." பிறகு மரத்த இடத்தை விட்டுவிட்டு, உணர்ச்சி இருந்த முன்கையில் ஈரத்துணி சுற்றிய கரண்டுத் தகட்டை வைத்துத் திருகை மெல்ல ஏற்றினாள். விரல்கள் மடங்கின. மாமியார் அவளைக் கும்பிட்டாள். நானும் அங்கேதான் நின்றேன், என்னை யாரும் பார்க்கவில்லை.

அதற்குச் சில வருடம் கழித்து ஒரு காலை வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்தது. என் முகம் கோணியிருந்தது. முகவாதம் என்று சொல்லி டாக்டர் என்னை அவளிடமே அனுப்பினார். போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். வழக்கம்போலத் தன் கையில் வைத்துக் காட்டிவிட்டு என் கன்னத்தில் வைத்தாள். "எரியுதா?" நெருப்பாக எரிந்தது. அவள் முன்னால் முகம் சுளிக்க மனமில்லாமல், "இல்லை" என்றேன்.

சட்டென்று திருகைக் குறைத்துப் பெட்டியை அணைத்துவிட்டாள். "ஏட்டி எஸ்தரு, தோலு செவந்து கெடக்கு, இல்லங்கிற. எங்கிட்ட செயிக்கணும்னா வேற எங்கன வச்சும் செயி. இங்கன படுத்துக்கிட்டுப் பொய் சொல்லாத."

இத்தனை வருடமும் அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. "எரியுது" என்றேன். "கன்னமா, வயிறா?" என்று கேட்டாள். இருவருமே சிரித்தோம். எனக்குப் பாதி முகம்தான் சிரித்தது. என் பொறாமையை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அடக்கத்துக்கு நாரணாபுரமே திரண்டு வந்திருந்தது. நான் செத்தால் இத்தனை பேர் வரமாட்டார்கள் என்று அங்கேயும் நினைத்தேன். சவப்பெட்டியை மூடுவதற்குமுன் குனிந்து அவளைப் பார்த்தேன். அழுகையில் என் முகம் கோணியது, இரண்டு பக்கமும் ஒன்றுபோல. அவள் நினைவாக என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த முகம்தான். இதை நான் சுளித்தாலும் சிரித்தாலும் அதில் பாதி ஞானசௌந்தரியின் வேலை.