ரெண்டு கையும் கொழுந்தில்

இலங்கை மலையகத்தில், அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஜெசிந்தினிக்கு வயது நாற்பத்தைந்து. படக்காரர்கள் மேல் அவளுக்கிருந்த கோபம் நேற்று முளைத்ததல்ல. பதினொரு வயதில், தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தில் வாடகைக்கு வீடியோ டெக் எடுத்து ஓட்டிய படத்தில் ஒருவன் சேலை கட்டிக் கையைத் தட்டிக்கொண்டு வந்தான். லயமே வயிறு குலுங்கச் சிரித்தது. அப்பாதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அப்போது அவள் உடம்பில் சட்டையும் கால்சட்டையும்தான், நடைதான் காட்டிக்கொடுத்தது. மறுநாளிலிருந்து பையன்கள் அவளைக் கண்டாலே அதேபோல் கையைத் தட்டினார்கள்.

பிறகு வந்த படங்களில் திருநங்கை பிள்ளை பிடிக்கிறவள், கொலைகாரி. அவளைக் கண்டால் லயத்துத் தாய்மார் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். அப்புறம் வந்த படங்களில் திருநங்கையை ரொம்ப நல்லவளாகக் காட்டிக் கடைசியில் சாகடித்தார்கள். அதைப் பார்த்து அழுத அடுத்த வீட்டு றோசாலி, இவளைக் கட்டிப்பிடித்து, "பாவம்டி நீ" என்றாள். உயிரோடு நிற்பவளிடம் வந்து துக்கம் விசாரிப்பதா? பற்றிக்கொண்டு வந்தது.

அவள் போராடி வாங்கியது ஒன்றே ஒன்று. காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டில், கணக்கப்பிள்ளை வீரசிங்கம் பழைய பெயரைக் கூப்பிட்டால் வாயே திறக்கமாட்டாள். ஆறு வருஷம் அப்படி நின்றாள். கடைசியில் மனிதர் இறங்கிவந்து "ஜெசிந்தினி" என்றார்.

போன மாதம் அவள் மலைக்கே ஷூட்டிங் வந்தது. உதவி இயக்குநர் அவளைத் தேடி வந்தார்.

"சின்ன ரோல்தாங்க. கொழுந்து பறிச்சுக்கிட்டே ஹீரோவப் பாத்து ரெண்டு தட்டு தட்டணும். ஆளுங்க சிரிப்பாங்க."

"கொழுந்து எடுக்கிறப்ப ரெண்டு கையும் செடியிலதான் இருக்கும். எந்தக் கையால தட்டுறது? ஒரு நாள் எடுத்துப் பாத்துட்டு வந்து பேசு, தம்பி."

அவர்கள் ஓர் ஆணுக்குச் சேலை கட்டிவிட்டு அதையே எடுத்தார்கள். பின்னால் நிறுத்திய பெண்கள் சொன்னபடி சிரித்தார்கள். றோசாலியும் சிரித்தாள்.

மறுநாள் பெரட்டில் வீரசிங்கம் "ஜெசிந்தினி" என்றதும் பின்னாலிருந்து யாரோ இரண்டு தட்டுத் தட்டினார்கள். சிரிப்புக் கிளம்பியது.

அவள் திரும்பினாள். "எவன்டா அது? முன்னால வந்து தட்டு, பாப்போம்."

யாரும் வரவில்லை. றோசாலி தலையைக் குனிந்துகொண்டாள். வீரசிங்கம் அடுத்த பெயருக்குத் தாவப் பார்த்தார்.

"ஐயா, நான் இன்னும் பதில் சொல்லல. எம்பேரத் திரும்பக் கூப்பிடுங்க."

அவர் கூப்பிட்டார்.

"இருக்கேங்க," என்றாள், கடைசி ஆளுக்கும் கேட்கும்படி. "சாகல."