பத்து மீட்டர் கேபிள்

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் அறுவடை மிஷின் ஓட்டுகிறவர் வைரக்கண்ணு. அறுப்பு நாளில் அவரைத் தேடி ஊரே வரும். சம்பா முடிந்துவிட்டால் செல்போன்கூட அடிக்காது. அந்தச் சும்மா மாதங்களில் அவரைக் கூப்பிட்டவர்கள் கும்பகோணத்துத் தௌபீக்கும் அவன் கூட்டாளிகளும்தான். கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை ஆடுகிற குழு. நாற்பதைத் தொடப்போகிற மனுஷனை, நன்றாகக் குறி பார்க்கிறார் என்று சேர்த்துக்கொண்டார்கள்.

"அண்ணே, எதிராளி வர்றது உங்களுக்கு லேட்டாத்தான் தெரியுது. நல்ல மானிட்டரா வாங்குங்க. ஞாயித்துக்கிழமை போட்டி. இல்லேன்னா வேற ஆளத்தான் போடணும்" என்றான் தௌபீக்.

நொடிக்கு நூற்று நாற்பத்து நாலு படம் காட்டும் மானிட்டர் வந்து இறங்கியது. மனைவி மேகலா குறுக்கே நின்றாள்.

"தெக்கே பாத்து உக்காந்து ஆடக் கூடாது. திரைய கிழக்குச் செவுத்துல வைங்க."

"அப்ப கம்ப்யூட்டர் பெட்டி?"

"அங்க சாமி மாடம் இருக்கு. நீங்க அந்தப் பெட்டி மேல காலப் போட்டுக்கிட்டு உக்காருவீங்க. அது தெக்கயே கெடக்கட்டும்."

சொன்னால் சொன்னதுதான். தஞ்சாவூர் போய், பெட்டியிலிருந்து திரைக்குப் படம் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ கேபிள் பத்து மீட்டர் வாங்கி வந்து, சுவரோரமாக இழுத்து மாட்டினார். படம் என்னவோ பளிச்சென்று வந்தது. வேகம் மட்டும் அறுபதைத் தாண்டவில்லை. நூற்று நாற்பத்து நாலு வைத்தால் திரை கறுக்கும், வரும், மறுபடி கறுக்கும்.

தௌபீக்குக்குப் போன் போட்டார்.

"பத்து மீட்டரா? துணி காயப்போடவாண்ணே வாங்குனீங்க? அவ்வளவு நீளத்துல அந்த வேகம் நிக்காது. மானிட்டர் அட்டைப்பெட்டியிலயே டிஸ்ப்ளே போர்ட் கேபிள் ஒண்ணு இருக்கும், அதப் போடுங்க."

இருந்தது. ஆனால் மூன்று முழம்தான். தெற்கே இருக்கும் பெட்டிக்கு எட்டவே எட்டாது. வைரக்கண்ணு அதைத் தரையில் போட்டுவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"இப்ப யார் செத்துட்டாங்க?" என்றாள் மேகலா.

"அறுப்பு இல்லாத நாள்லயும் நம்மள வேணும்னு நாலு பேரு கூப்பிட்டாங்க. இந்த ஒயரு நீளத்தால அதுவும் போகப்போவுது."

அவள் கறுத்துக் கறுத்து வரும் திரையைப் பார்த்தாள். நீளக் கேபிளைத் தெற்கே பெட்டிவரை கண்ணால் அளந்தாள்.

"எங்கப்பா வயல் கடைமடை, வாய்க்காலோட கடைசி. ஆத்துல தண்ணி வந்துருச்சின்னு தலைமடைக்காரன்லாம் நாத்து விட்டுருவான். எங்க வாய்க்கால்ல நண்டு நனையாது. தூரம்னா அப்படித்தான்." பெட்டியின் கரண்டு ஒயரைப் பார்த்தாள். "கரண்டு ஒயரு நீளமா இருந்தா ஒண்ணும் ஆவாதுல்ல?"

"ஆவாது."

"அப்பப் பெட்டியத் தூக்கிட்டு இங்க வாங்க."

"சாமி மாடம்?"

"கால் மட்டும் பட்டுச்சி, புடுங்கி வாசல்ல வச்சிருவேன். கிழக்குதான். அதுல மாத்தமில்ல."

பெட்டியைத் துடைத்து, மரப்பலகை போட்டு, மாடத்தின் கீழேயே வைத்தார். மூன்று முழம் தாராளமாகப் போதும். நூற்று நாற்பத்து நாலு என்று வைத்தார். திரை கறுக்கவில்லை. அன்று சாயங்காலம் மூன்று ஆட்டம் ஆடிய பிறகு தௌபீக் சொன்னான்: "ஞாயித்துக்கிழமைக்கு உங்க பேரக் குடுத்துட்டேன்ணே."

வைரக்கண்ணு மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு மேகலா பக்கம் திரும்பினார்.

"என்னவாம்?" என்றாள் மேகலா, சோற்றுத்தட்டோடு.

"வரச் சொல்றான்."

"வரேன்னு சொல்லுங்க, அவன் காத்துக்கிட்டு இருக்கான் பாருங்க."